கலங்கல்

ஏற்காட்டுக் கடைத்தெருவில் மிளகு கிடைக்கும், காப்பித்தூள் கிடைக்கும், தைலம் கிடைக்கும், குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே வாட்டித் தரும் சோளக்கதிரும் கிடைக்கும். ஸ்நார்க்கல் கிடைக்காது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இவ்வளவு ஏறி வந்தவன் முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்து வீடியோ எடுக்கப்போகிறேன் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். நீரடி வீடியோ என்றதும் நம் மனக்கண்ணில் வருவது லட்சத்தீவும் அந்தமானும். நீலம், பவளம், கோமாளி மீன், மெதுவாகத் திரும்பும் ஓர் ஆமை. அப்படிப்பட்ட வீடியோக்களை ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டோம். எனக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. ஒரே கடலை ஒரே ஆள் எடுத்தது போலவே எல்லாம் இருக்கின்றன.

நீருக்கடியில் காமிரா முதலில் படம்பிடிப்பது தண்ணீரைத்தான். மீன் வந்தால் அதற்கு அப்புறம். தரையில் படம் எடுக்கிறவனுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. மலை முகட்டில் நின்று வெகு தூரம் தள்ளியிருக்கும் சேலத்தின் விளக்குகளை எடுக்கிறான். தண்ணீரில் கை நீளத்துக்குக் கை நீளம் கணக்குப் பார்க்க வேண்டும். சூரிய ஒளியில் சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு ஏறக்குறையப் போய்விடும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழத்தில் விரல் கிழிந்தால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகக் கசியும். முகக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளியே இருக்கும் நீருக்கும் இடையில் ஒளி வளைவதால், எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு நெருக்கமாகவும் தோன்றும். இவையெல்லாம் சுத்தமான தண்ணீரின் விதிகள். தண்ணீரில் மண்ணும் பாசியும் மிதந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஒவ்வொரு துகளும் ஒளியைத் தட்டிச் சிதறடிக்கும். லென்ஸுக்கு எதிரே பால் கரைத்தது போல ஒரு திரை விழும். அந்தத் திரைதான் படம். காமிராவின் விலை அதை மாற்றாது.

ஸ்நார்க்கல் பெரிய கருவி ஒன்றுமில்லை, வளைந்த குழாய். கண்ணாடியை முகத்தில் மாட்டி, குழாயின் முனையைக் கவ்விக்கொண்டு குப்புறக் கிடந்தால் தலையைத் தூக்காமல் மூச்சு விடலாம். சிலிண்டர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், ஆழமும் வேண்டாம். ஆழம் வேண்டாம் என்பதால்தான் முழங்கால் அளவு ஓடைக்கும் அது பொருந்துகிறது. இந்தக் கலையின் தொடக்கமே எளிமையானதுதான். பிரெஞ்சுக் கடற்படைக்காரர் ழாக் கூஸ்தோ தன் முதல் நீரடிப் படத்தை 1943இல் வெளியிட்டார். பதினெட்டு மீட்டர் ஆழம் என்பதைத் தலைப்பிலேயே கொண்ட அந்தப் படத்தைச் சுவாசக் கருவி இல்லாமல், மூச்சடக்கி மூழ்கி எடுத்தார்கள். போர்க்காலம், சினிமாச் சுருளுக்குத் தட்டுப்பாடு. புகைப்படக் காமிராவுக்கான சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பயன்படுத்தினார்கள். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் கோப்ரோகூட, 2004இல் வந்தபோது அலைச்சறுக்குக்காரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதாரணப் பிலிம் காமிராதான். மத்தியதரைக் கடலின் தெளிவு கூஸ்தோவுக்கு இருந்தது. அது இல்லையென்றால் ஒட்டிய சுருளும் வீண், மூச்சடக்கியதும் வீண்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அந்தத் தெளிவு எப்போது வரும் என்பது மழையின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் செம்மண்ணை அள்ளிக்கொண்டு இறங்கும். மார்கழி பாதிக்கு மேல் வரத்துக் குறைந்து, பாறைக் குழிகளில் நீர் நின்று நின்று போகும். தை மாதக் காலையில் வெயில் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஓடைக்குள் விழும்போது, குழியின் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் நிழல் இருக்கும். அப்போது குப்புறப் படுக்க வேண்டும். குளிர் முதலில் நெற்றியைத்தான் பிடிக்கும். காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு நீந்தித் துரத்த இங்கே இடமில்லை. அடியில் ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு விலகிவிடுவது நல்லது. ஆள் இருக்கிற வரைக்கும் அயிரை மணலைவிட்டு வெளியே வராது. ஆள் போன சில நிமிடங்களில் மூக்கு முதலில் வரும், மீசை வரும், பிறகு முழு மீனும் வந்து லென்ஸை முகர்ந்து பார்க்கும். தலைப்பிரட்டைகள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். ஒரு நண்டு பக்கவாட்டில் வந்து சட்டகத்தின் ஓரத்தில் நின்று யோசிக்கும். நீலம் கிடையாது, பவளம் கிடையாது. தேயிலைச் சாயம் போலத் துளி மஞ்சள் கலந்த நீர், அதற்குள் வெயிலின் வலை அசைகிறது. மைக்கில் விழும் சத்தம் தனி: மணல் உருளும் சரசரப்பு, மேலே எங்கோ நீர் விழும் இடி. நான் பார்த்த நீரடி வீடியோக்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஓடை வீடியோதான். ஒன்றுமே நடக்காது, ஆனால் பத்து நிமிடம் பார்க்கலாம்.

இந்த ஓடைப் பக்கத்து மக்கள் என்னைப் பார்ப்பது வேறு விதம். ஒரு நாள் விறகுச் சுமையோடு வந்த மலையாளிப் பழங்குடிப் பெண்மணி ஒருவர் கரையில் நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறார். தலையைத் தூக்கினேன்.

“சாவி கீவி விழுந்துருச்சுங்களா?”

“இல்லீங்கம்மா, மீனு பாக்கறேன்.”

“மீனா? புடிக்கறதுக்கா?”

“வீடியோ எடுக்கறதுக்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஓடையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல பழம் அரைக்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் செத்த நேரத்துல பல்ப்பர் தண்ணி வந்துரும். அப்பறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கை கால்ல பட்டா அரிக்கும், ஏறிக்குங்க.”

நான் அங்கே ஒரு வாசனையையும் கவனித்திருக்கவில்லை. அவர் எதை வைத்துச் சொன்னார் என்று இப்போதும் விளங்கவில்லை; கரை ஓரத்து நுரையாக இருக்கலாம். தண்ணீர் சொன்னபடியே வந்தது. முதலில் மணலின் மேல் ஒரு பழுப்புப் படலம், பிறகு பழத்தோல்கள், பிறகு குழியே தெரியவில்லை. காமிரா அடியில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வெயில் வலை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கூழாங்கற்களின் நிழல் அழிந்து, திரை முழுக்கக் காப்பி நிறம். கடைசியாகத் தெரிந்தது அயிரையின் வால்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டாகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாற்றின் முதல் வரி. சோலைகள் தோட்டங்களாயின. நிழலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. அராபிகாப் பழம் சிவந்ததும் பறித்து, அன்றன்றே பல்ப்பர் எந்திரத்தில் தோலை நீக்கி, கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பை ஊறவைத்துக் கழுவினால்தான் நல்ல விலை. அந்தக் கழுவல் நீரில் சர்க்கரையும் பழச்சாறும் ஏராளம். ஓடையில் கலந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நிறம் இரண்டு நாளில் போய்விடலாம். மீன் திரும்பி வருவதற்கு அடுத்த மழை ஆகும். காப்பி ஒன்றை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இதே மலையின் மேட்டுப் பகுதிகளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். தோல் உரித்த மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கியது. இப்போது விடுதிகளுக்காகச் சரிவை வெட்டுகிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் மலையில் கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்ததைப் படமாகப் பார்த்தோம். ஓடைகளுக்குள் போன மண்ணை யாரும் படம் எடுக்கவில்லை.

ஊரின் நடுவில் இருக்கும் ஏரி இன்னொரு கதை. படகுத்துறை, மிதிபடகு, கரையில் மீன் வறுவல். காமிராவைக் கழியில் கட்டி அதற்குள் விட்டால் தெரிவது பச்சை. தூரத்துப் பச்சை, கிட்டத்துப் பச்சை என்று வேறுபாடுகூட இல்லை. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் கை இல்லை. ஏரித் தண்ணீர் கலங்கியிருப்பதே குற்றமாகாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் பாசி இயல்பு. எவ்வளவு பாசி என்பதுதான் கேள்வி, அதை அளக்க ஒரு தட்டு போதும். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற ஏசு சபைப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் எவ்வளவு என்று குறித்தார். பிற்பாடு 1899இல் அமெரிக்கர் ஜார்ஜ் விப்பிள் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாக அடித்தார். இன்றுவரை உலகத்து ஏரிகளின் தெளிவை அந்த எளிய தட்டால்தான் அளக்கிறார்கள். எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுக்கு வண்ணம் அடித்து, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டினால் ஆயிற்று. வானியலாளரான செக்கி விண்மீன்களை அவற்றின் ஒளிநிறமாலையால் வகைபிரித்தவர். அவருடைய தட்டுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலே, சேர்வராயன் கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயரும் அவரோடு காவேரி அம்மனும். மலையையும் ஆற்றையும் தம்பதியாக வைத்துக் கும்பிடுகிற இடம் அது. குகை காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிலவியல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மலைக்கு ஒரு பெண்டாட்டி உண்டு, அவள் கீழே சமவெளியில் ஓடுகிறாள் என்று கண்டுகொண்டவர்களுக்கு நீரியல் தெரியாது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். சேர்வராயனின் தண்ணீர் பல திசைகளில் இறங்குகிறது. வடக்கே வாணியாறாகித் தென்பெண்ணைக்குப் போவது ஒன்று. மேற்கே சரபங்கா. மஞ்சவாடிப் பக்கம் பிறந்து சேலத்து நடுவில் ஓடும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டத்து நஞ்சை இடையாற்றில் காவிரியைச் சேர்கிறது. மணியும் முத்தும் விளைந்த ஆறு என்று தலபுராணம் சொல்லும். சுகவனேசுவரர் கோயில் அதன் கரையில்தான் இருக்கிறது. சேலத்தைத் தாண்டும்போது அந்த ஆற்றில் என்ன இருக்கிறது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். முகத்தை வைக்க வேண்டாம், பாலத்தில் நின்றால் மூக்கே சொல்லிவிடும். நீரடிக் காமிராவை அங்கே இறக்கியவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தால் அவருடைய வீடியோவை நான் வரவேற்பேன்.

ஏற்காட்டில் விழுந்த மழைத்துளி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது என்று எழுதுவது கவிஞர்களுக்குச் சுலபம். எத்தனை கதவணை, எத்தனை வாய்க்கால், எத்தனை நாற்றங்கால் அந்தத் துளியை வழியில் மறித்துக்கொள்கின்றன என்று கணக்குப் பார்த்தால் கவிதை வற்றிவிடும். ஆனால் வண்டல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துதான் தஞ்சை டெல்டாவே உண்டாயிற்று. அதன் ஒரு பகுதி கடலுக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு சேர்ந்து பூம்புகாருக்கு எதிரே கடலடியில் தேடியபோது, 1990களின் தொடக்கத்தில் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டது. அங்கே இறங்குகிறவர்களுக்குத் தண்ணீர் பெரும்பாலும் ஒன்றும் காட்டுவதில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரகாம் ஹான்காக் பிறகு அங்கே முக்குளித்துப் படம் எடுத்தார், 2002இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. பனியூழிக் காலத்திலேயே கடல் விழுங்கிய நாகரிகம் என்றார். தொல்லியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நம் ஊரில் பலர் குமரிக்கண்டத்தை அந்த வீடியோவில் பார்த்துவிட்டார்கள். நான் அதைப் பார்த்தபோது கவனித்தது வேறு: திரையில் கலங்கல் எவ்வளவுக்கு இருந்ததோ அவ்வளவுக்குப் பின்னணிக் குரல் பேசியது. தெரியாத இடத்தையெல்லாம் வசனம் நிரப்பியது. கலங்கிய நீரில் எடுத்த படத்தை நம்புவதற்கு முன்னால் ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பார்ப்பது நல்லது.

இதற்கு எதிர்ச்சான்று திருகோணமலை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கூஸ்தோ பின்னாளில் எடுத்த நீரடிப் படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை கிடைத்ததும் அதே ஆண்டு. கிளார்க்கோடு வந்த நண்பர் மைக் வில்சன் காமிராவோடு மூழ்கத் தெரிந்தவர். கோணேசர் கோயில் நின்ற சுவாமி மலையின் அடியில், கடலுக்குள், இருவரும் செதுக்கிய தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோயில். ஈழத்துப் பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததற்குப் படம் கிடைத்தது. அந்தப் படத்துக்கு வசனம் தேவைப்படவில்லை, ஏனென்றால் தண்ணீர் தெளிவாக இருந்தது. கிளார்க் அடுத்த ஆண்டே இலங்கைக் கடலின் பவளப்பாறைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வில்சன் 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். இலங்கையின் முதல் வண்ணப்படம், காமினி பொன்சேகா நாயகன், நீரடிக் காட்சிகள்தான் அதன் கவர்ச்சி. பிறகு அவர் காமிராவை விட்டார், சினிமாவை விட்டார், கதிர்காமத்து முருகனடியாராகிச் சிவ கல்கி சுவாமி என்று பெயர் மாறினார். கோணேசர் கடலில் மூழ்கிய ஒருவர் அப்படி ஆனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று திருகோணமலைக்காரர் சொல்வார்கள்.

ஆனால் திருகோணமலைத் தெளிவும் ஆண்டு முழுக்க இருப்பதில்லை. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் ஸ்நார்க்கல் போட வருகிறவர்கள் சித்திரை கழிந்து வருகிறார்கள், புரட்டாசிக்குள் போய்விடுகிறார்கள். அதன் பிறகு வாடைக்காற்றும் மழையும். கண்டி மலைநாட்டின் மண்ணைச் சுமந்துகொண்டு மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அங்கேயும் மேலே இருப்பது மலைதான், காப்பிக்குப் பதில் தேயிலை.

தமிழ்நாட்டுக் கரையில் பவளம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தாலும் இதே பதில் வருகிறது. கிருஷ்ணா, காவிரி போன்ற பேராறுகள் வண்டல் கொட்டும் சோழமண்டலக் கரையில் பவளப்பாறை வளரவில்லை. பெரிய ஆறு வந்து விழாத மண்டபம், இராமேசுவரம், கீழக்கரைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் வளர்ந்திருக்கிறது. பவளம் வெயிலைத் தின்று வாழும் பிராணி. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசிக்கு ஒளி வேண்டும். மேலே மண் படிந்தால் மூச்சுத் திணறும். 21 தீவுகளோடு அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தே போயின. 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளிறிச் செத்தது வேறு. இவற்றையெல்லாம் நாம் அறிந்தது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் போன்றவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கிப் படம் எடுத்ததால். அழகுக்காக எடுத்த வீடியோவுக்கு ஒரு தடவை போதும். சான்றுக்காக எடுப்பவர் அதே பாறைக்கு அடுத்த ஆண்டும் போக வேண்டும்.

அந்தக் கடலில் முகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தினமும் இறங்குகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று கண்டு பிரித்து, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். காலில் தகட்டுச் செருப்பு, விரலில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பது இராமேசுவரத்துப் பேச்சு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தக் கடல் கலங்கும், வாடையில் எது தெளியும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களிடம்தான். கடலின் பாசி தீர்ந்துவிடக் கூடாது என்று மாதத்தில் பாதி நாளுக்கு மேல் இறங்குவதில்லை எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருதைப் பெற்றார். பூங்கா அறிவிப்புக்குப் பிறகு தீவுகளை அண்டினால் வனத்துறையோடு வழக்கு. நீரடி வீடியோக்களில் இவர்கள் இல்லை. பவளமும் மீனும் மட்டும் இருக்கும்படி சட்டகத்தை நகர்த்திக்கொள்கிறோம். ஆளில்லாத கடல் என்று ஒரு பொய்யை வண்ணத்தோடு காட்டுகிறோம். பவளப்பாறையில் காமிராவின் மைக் பதிவு செய்யும் சடசடப்பு, கடுகு வெடிப்பது போலக் கேட்பது, கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் சத்தம். எடிட்டிங் மேசையில் முதலில் அதைத்தான் வெட்டிவிட்டுப் பாட்டுப் போடுகிறார்கள்.

ஓடைக்கரை அம்மாவும் பாசி எடுக்கும் பெண்களும் ஒரே படிப்புப் படித்தவர்கள். தண்ணீரைப் பார்த்தால் மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு அது வராது, காமிரா வேண்டியிருக்கிறது. வேண்டியிருந்தால் அதற்குத் தகுந்தபடி பயன்படுத்தலாம். எந்த வீடியோவிலும் மீன் எத்தனை வகை என்று எண்ணுவதற்கு முன் அடியில் கிடக்கும் கல் எத்தனை தூரத்துக்குத் தெரிகிறது என்று பாருங்கள். எடுத்தவர் என்ன மாதம், மழை பெய்து எத்தனை நாள், எந்த ஆற்றின் முகம் என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதாத வீடியோ திருமண ஆல்பத்துக்கு மேல் பெறாது. வண்ணத்தைத் திருத்தும் மென்பொருளை வைத்துக் கலங்கலைத் தெளிவாக்கிப் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. போன சிவப்பைத் திரும்பக் கொண்டுவருவது வேறு, அது தண்ணீரின் இயல்பைச் சரிசெய்வது. மண்ணை அழித்துக் காட்டுவது சாட்சியைக் கலைப்பது.

ஏற்காட்டுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பலருடைய பையில் நீர் புகாத செல்போன் இருக்கிறது. அவர்களில் சிலர் ஒரு தட்டும் கயிறும் கொண்டுவந்தால், ஒரே ஓடையின் ஒரே குழியைத் தையிலும் சித்திரையிலும் எடுத்துத் தேதி போட்டு வைத்தால், பத்து ஆண்டில் இந்த மலைக்கு இதுவரை இல்லாத ஓர் ஆவணம் கிடைக்கும். கிளியூர் அருவியில் வேண்டாம், பாறை வழுக்கும். மேலே மழை பெய்தால் கீழே சொல்லாமல் வெள்ளம் வரும். தோட்டத்து வழியே போனால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். தனியே இறங்கக் கூடாது. ஷாம்பு பாக்கெட்டை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும்.

பல்ப்பர் நீரைத் தொட்டிகளில் தேக்கி, புளிக்க வைத்து, தெளிந்த பிறகு விடுவது காப்பித் தொழிலில் வெகு காலமாகத் தெரிந்த முறை. குறைந்த நீரில் தோல் நீக்கும் எந்திரங்களும் சந்தையில் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் அதைச் செய்கிற தோட்டங்கள் உண்டு, செய்யாதவையும் உண்டு. செய்யாதவை எவை என்று பறிப்புக் காலத்தில் ஓடையோரமாக மேலே நடந்தால் யாருக்கும் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலர்களும் அந்தப் பறிப்பு மாதங்களில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.